நடுராத்திரி வரிசை



வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், 2013-இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' வீடியோ கேம் வாங்க ராத்திரி கடை வாசலில் நின்ற கதையைச் சொன்னார. செப்டம்பர் 17 என்று குறித்துவிட்டால் அதற்கு முன் விற்கக் கூடாதாம். 12 மணி அடித்தால் தேதி மாறிவிடும். அதனால்தான் நடுராத்திரி வரிசை. "நம்ம ஊர்ல இதெல்லாம் இல்லையே சார்" என்றார். இல்லாமலா?

1973 மே 11-இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தது. அப்போதெல்லாம் பிரிண்ட் குறைவு. புதுப்படம் மதுரையில் ஓடி முடிந்து, படப்பெட்டி அருப்புக்கோட்டைக்கு வரப் பல வாரம் ஆகும். பொறுக்க முடியாதவர்கள் பஸ் ஏறி மதுரைக்கே போனார்கள். டிக்கெட் கவுண்டருக்குப் போகும் வழி ஓர் ஆள் மட்டும் நுழையும் சந்து. சட்டை கிழியும், செருப்பு காணாமல் போகும். அந்த எம்.ஜி.ஆரைத்தான் 1977-இல் நம் தொகுதி ஜெயிக்க வைத்தது, முதலமைச்சரும் ஆனார். ஓட்டுப் போட நின்ற வரிசை இதைவிட ஒழுங்காக இருந்திருக்கும் என்பது என் ஊகம்!

பிறகு பெட்டி போய் டிஜிட்டல் வந்தது. சென்னைக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஒரே நாளில் படம். வாரக்கணக்கில் காத்திருந்தது போய், யார் முதலில் பார்ப்பது என்று மணிக்கணக்கில் போட்டி. காட்சி நேரம் பின்னால் நகர்ந்து நகர்ந்து விடியற்காலைக்கும் முன்னால் போயிற்று.

ஜப்பானில் 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை 'டிராகன் குவெஸ்ட் 3' என்ற கேம் வெளியானது. பள்ளிக்கூடம் போகாமல் வரிசையில் நின்ற பிள்ளைகளைப் போலீஸ் பிடித்தது. வாங்கி வந்த சிறுவர்களிடம் பிடுங்கிக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. அடுத்த பாகம் 1990 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை வந்தது. இதற்குச் சட்டமே போட்டதாக ஒரு கதை உலவுகிறது. அப்படி எதுவும் இல்லை. பள்ளி நாளை விட்டு விடுமுறை நாளுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். வாத்தியாராக அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இங்கே 2023 ஜனவரி 11-ம் புதன்கிழமைதான். பொங்கலுக்கு நான்கு நாள் இருந்தது. 'துணிவு' நள்ளிரவு 1 மணிக்கு, 'வாரிசு' 4 மணிக்கு. டிக்கெட் முன்பே போனில் வந்துவிடும் காலம். வாசலில் முண்டியடிக்கத் தேவையே இல்லை. கூட்டத்துக்காகவே கூடிய கூட்டம் அது. சென்னையில் ஒரு தியேட்டருக்கு வெளியே, நகர்ந்துகொண்டிருந்த லாரியில் ஏறி ஆடிய பையன் குதித்தபோது அடிபட்டு இறந்துபோனான். வயது 19.

அதே ஆண்டு அக்டோபரில் 'லியோ' படத்துக்கு முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் என்றது அரசு. 4 மணிக் காட்சி கேட்டு வழக்கும் நடந்தது, கிடைக்கவில்லை. உங்களில் சிலருக்கு அப்போது கோபம். எனக்கு இல்லை.