உப்பும் தொகுதி அட்டவணையும்

மேல்நிலை வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வில், பெயர் சொல்லாமல் தரப்படும் ஓர் உப்பில் எந்த நேர்மின் அயனியும் எந்த எதிர்மின் அயனியும் உள்ளன என்பதை வரிசையான சோதனைகளால் கண்டறிவது பண்பறி பகுப்பாய்வு எனப்படும். மாணவர் வழக்கில் அது ‘சால்ட் அனாலிசிஸ்’. இதற்கு அடிப்படையான, நேர்மின் அயனிகளைப் பிரித்தெடுக்கும் வரிசைப்படி தொகுதிகளாக வகுக்கும் தொகுதி அட்டவணை பள்ளிகளை எண்ணி உருவாக்கப்பட்டதன்று. 1818இல் பிராங்க்பர்ட்டில் பிறந்து, மருந்தாளுநர் பயிற்சி பெற்று, பான் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ரெமிகியுஸ் ஃபிரெசேனியுஸ் என்பவர் தம் பயிற்சிக்காக வகுத்துக்கொண்ட முறையை 1841இல் நூலாக வெளியிட்டார். 1843இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது.

ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைக் கொண்டு உலோகங்களை வீழ்படிவாக்கும் வழக்கம், அதாவது கரைசலிலிருந்து கரையாத திண்மமாகப் பிரித்தெடுக்கும் வழக்கம், அவருக்கு முன்பே இருந்தது. ஆயினும் முந்தைய நூல்கள் அரிய தனிமங்களையும் சேர்த்துக்கொண்டு பெருகிக் கிடந்தன. ஃபிரெசேனியுஸ் பரவலாகக் கிடைக்கும் பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எதன்பின் எதைச் சேர்ப்பது என்ற ஒழுங்கை நிலைநாட்டினார். அந்த ஒழுங்கில்தான் முறையின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அமிலக் கரைசலில் சல்பைடு அயனிகளின் செறிவு மிகக் குறைவாதலால், அவ்வாயுவைச் செலுத்தும்போது தாமிரம் கருநிற வீழ்படிவாக இறங்க, துத்தநாகம் கரைசலிலேயே தங்கிவிடுகிறது. பின்னர் காரநிலைக்கு மாற்றினால் அதுவும் வெண்ணிறமாக வீழ்கிறது. வரிசையை மாற்றி முதலிலேயே காரத்தைச் சேர்த்தவருக்கு இரண்டும் ஒன்றாகக் கலந்து வரும். அம்மோனியத்தை மட்டும் மூல உப்பிலேயே தனியே தேட வேண்டியிருப்பதற்கும் இத்தகைய காரணம் உண்டு: இடைநிலைப் படிகளில் சோதிப்பவரே அம்மோனியச் சேர்மங்களைச் சேர்த்துவிடுகிறார்.

வேதியியலாளர் லீபிக்கின் கீசன் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, 1848இல் வீஸ்பாடனில் சொந்த ஆய்வகமும் தொடங்கிய ஃபிரெசேனியுஸின் அட்டவணை பரவியதற்கு அதன் அறிவியல் தகுதி மட்டுமே காரணமாகாது. 1844இல் டெல்ஃப்ட் நகரின் கிப் வடிவமைத்த கண்ணாடிக் கலம், குழாயைத் திறந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரவும் மூடினால் வினை நிற்கவும் வழிசெய்தது. 1855 அளவில் ஹைடல்பர்கில் உருவான புன்சன் சுடரடுப்பின் நிறமற்ற சுடர், உப்பு சுடருக்குத் தரும் நிறத்தை மறைக்காமல் காட்டியது. இவற்றினும் வலிய காரணம் தேர்வு. இங்கிலாந்தில் அறிவியல், கலைத் துறை என்ற அரசு அமைப்பு, மாணவரின் தேர்ச்சிக்கேற்ப ஆசிரியருக்குப் பணம் வழங்கிவந்த காலத்தில், விடை ஐயமின்றித் தெரியக்கூடியதும் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் பிரிக்கக்கூடியதுமான பயிற்சி ஆசிரியருக்கும் தேர்வாளருக்கும் ஒருங்கே வசதியாயிற்று. மாணவர் தாமே கண்டறிந்து கற்க வேண்டும் என்று வாதிட்ட ஹென்றி ஆம்ஸ்ட்ராங், இதனைச் சிந்தனையற்ற சோதனைக்குழாய் வேலை என்று கண்டித்தார். அக்கண்டனம் நியாயமானதே, ஆயினும் மதிப்பெண் பட்டியலை அது அசைக்கவில்லை.

தமிழ்நாட்டில் 1978இல் புகுமுக வகுப்பு கல்லூரியிலிருந்து நீங்கி மேல்நிலைக் கல்வி பள்ளிக்கு வந்தபோது, இவ்வகைச் செய்முறைகளும் பள்ளி ஆய்வகத்துக்கு இடம்பெயர்ந்தன. அவற்றுள் நைட்ரேட்டைக் காட்டும் பழுப்பு வளையச் சோதனை கைத்திறனைக் கோருவது: அப்போதே கரைத்த பெர்ரஸ் சல்பேட்டை உப்புக் கரைசலுடன் கலந்து, குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாக வழியவிட்டால், இரு நீர்மங்களும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய பழுப்பு வளையம் தோன்றும்; குலுக்கினால் அது மறைந்துவிடும்.

அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு. செறிவு மிகும்போது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடுவதால், நாற்றம் நின்றதை ஆபத்து நீங்கியதாகக் கொள்ள இயலாது. பல நாடுகளின் பள்ளிகள் முழு அட்டவணையைக் கைவிட்டதற்கு இந்த நச்சுத்தன்மையும், கருவிகளே தனிமங்களை இனங்காணும் நிலை வந்ததும் காரணங்களாயின. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பிலோ, ஒரு நேர்மின் அயனியும் ஓர் எதிர்மின் அயனியும் கொண்ட உப்பைக் கண்டறிவது செய்முறைத் தேர்வின் பகுதியாகத் தொடர்கிறது.