ஒரே வீட்டில் 2 நாய்கள்: சாப்பாடு, பொம்மைக்காக சண்டை போடுவது ஏன்? தடுப்பது எப்படி?

பகல் முழுக்க ஒன்றன் மேல் ஒன்று தலை வைத்துத் தூங்கும் இரண்டு நாய்கள். சாயங்காலம் தட்டு சத்தம் கேட்டதும் காட்சி மாறிவிடும். ஒன்று தட்டின் மேல் குனிந்து நின்று "உர்ர்ர்..." என்கிறது. இன்னொன்று எட்டிப் பார்க்கிறது. அடுத்த நொடி இரண்டும் கட்டிப் புரள்கின்றன. பிரித்துவிடப் போனவர் கையில் பல் பதிகிறது.

இரண்டு நாய் வளர்க்கும் பல வீடுகளில் இது நடக்கிறது. "இதுக்கு மேல முடியாது, ஒன்றை யாருக்காவது கொடுத்துடலாம்" என்ற பேச்சும் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆனால், பெரும்பாலான வீடுகளில் சாப்பாடு போடும் முறையை மாற்றினாலே பாதிப் பிரச்னை குறைந்துவிடும்.

நாய்கள் ஏன் இப்படிச் செய்கின்றன?

தனக்குப் பிடித்த ஒன்றை இன்னொருவர் பறித்துவிடுவாரோ என்ற பயம்தான் அடிப்படைக் காரணம். சாப்பாடு, எலும்பு, பந்து, பழைய செருப்பு, சோபாவின் ஒரு மூலை, ஏன் வீட்டு எஜமானரின் மடிகூட அந்தப் பொருளாக இருக்கலாம். "இது என்னோடது, கிட்ட வராதே" என்று சொல்வது நாய்களின் இயல்பான குணம். வயிறு நிறையச் சாப்பிடும் நாயும் இதைச் செய்யும்.

தெருவில் போட்டி போட்டுச் சாப்பிட்டுப் பழகி, பிறகு வீட்டுக்கு வந்த நாய்களிடம் இது கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம். ஆனால், லாப்ரடார், ராஜபாளையம், நாட்டு நாய் என எந்த நாயிடமும் இது வரலாம். குட்டியாக இருந்தவரை பொறுத்துப்போன பெரிய நாய், அந்தக் குட்டி வளர்ந்து ஒன்றிரண்டு வயதானதும் பொறுக்காமல் போவதும் உண்டு.

சண்டைக்கு முன் தெரியும் அறிகுறிகள் என்ன?

"திடீர்னு கடிச்சிடுச்சு" என்று பலர் சொல்வார்கள். ஆனால், பெரும்பாலும் நாய் அதற்கு முன்பே பலமுறை சொல்லியிருக்கும். இவற்றைக் கவனியுங்கள்:

* சாப்பிடும் வேகம் சட்டென்று கூடுவது
* தட்டின் மேலோ பொம்மையின் மேலோ உடம்பால் மறைத்து நிற்பது
* மெல்லுவதை நிறுத்தி, அசையாமல் உறைந்து நிற்பது
* தலையைத் திருப்பாமல், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது
* உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டுவது, உறுமுவது

இதில் உறைந்து நிற்பதுதான் முக்கியமான எச்சரிக்கை. சத்தம் இல்லாததால் நாம் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

அதேநேரம், ஒரு நாய் லேசாக உறுமி, இன்னொன்று அதைப் புரிந்துகொண்டு விலகிப் போனால் பயப்பட வேண்டாம். அவை தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டன என்றே அர்த்தம். எச்சரித்த பிறகும் இன்னொன்று விலகவில்லை, அல்லது எச்சரிக்கையே இல்லாமல் பாய்கிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

உறுமினால் அடிக்கலாமா?

கூடாது. உறுமல் என்பது கடிக்கு முன் வரும் எச்சரிக்கை மணி. அடித்தால் உறுமுவதை நிறுத்திவிடும், பயம் மட்டும் உள்ளேயே இருக்கும். அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

"யார் தலைவன்னு காட்டணும்" என்று நாயைக் கீழே அழுத்திப் பிடிப்பதும் தவறு. கூண்டில் ஒன்றாக அடைக்கப்பட்ட ஓநாய்களை வைத்து 1947-இல் வெளியான ஆய்விலிருந்து வளர்ந்த எண்ணம் அது. 'ஆல்ஃபா' என்ற சொல் பரவ 1970-இல் வெளியான தன் புத்தகத்தால் காரணமான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று 1999-இல் விளக்கினார். தண்டனை வேண்டாம், பரிசு கொடுத்தே பயிற்சி தர வேண்டும் என்பதே அமெரிக்காவின் விலங்கு நடத்தைக்கான கால்நடை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரையும்.

நாய் சாப்பிடும்போது "பழகணும்" என்று தட்டில் கை விட்டுக் கிளறுவதையும் நிறுத்துங்கள். அது நாயின் சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

சாப்பாட்டு நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

இன்றைக்கே தொடங்கக்கூடியவை இவை:

1. தனித்தனி இடம்: ஒன்றுக்கு சமையலறை, இன்னொன்றுக்கு பால்கனி. நடுவில் கதவு மூடியிருக்க வேண்டும். சின்ன வீடு என்றால் ஒன்று சாப்பிடும் நேரத்தில் இன்னொன்றை பெட்ரூமில் வைக்கலாம்.

2. தினமும் ஒரே நேரம், ஒரே இடம்: எங்கே, எப்போது கிடைக்கும் என்று தெரிந்தால் பதற்றம் குறையும்.

3. தட்டை விட்டு வைக்காதீர்கள்: இரண்டும் சாப்பிட்டு முடித்த பிறகு தட்டுகளை எடுத்து உயரத்தில் வையுங்கள். அதன் பிறகே கதவைத் திறக்க வேண்டும். காலித் தட்டை நக்குவதற்கும் சண்டை வரும்.

4. நாம் சாப்பிடும்போது கீழே போடாதீர்கள்: நடுவில் விழும் ஒரு துண்டு சிக்கன் போதும், இரண்டும் ஒரே நேரத்தில் பாயும்.

5. தண்ணீரை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

பொம்மைக்கும் எலும்புக்கும் என்ன வழி?

இரண்டு நாய்க்கு ஒரு பந்து என்பது சண்டைக்கு அழைப்பு. இரண்டு பந்து இருந்தாலும், எதிரி வாயில் இருப்பதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் நாய்களும் உண்டு. எனவே, சண்டைக்குக் காரணமான பொம்மைகளைச் சில வாரங்களுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். ஒவ்வொரு நாயுடனும் தனியாக விளையாடுங்கள். நீண்ட நேரம் மெல்லும் பொருட்களை மூடிய கதவுக்குப் பின்னால் மட்டுமே கொடுக்க வேண்டும். வேகவைத்த எலும்பு கூடவே கூடாது. அது கூராக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கலாம்.

பயிற்சி கொடுப்பது எப்படி?

இடத்தைப் பிரிப்பது சண்டையைத் தடுக்கும். மனதில் உள்ள பயத்தைக் குறைக்கப் பயிற்சி வேண்டும்.

கொடுத்து வாங்குதல்: நாயின் வாயில் உள்ளதைப் பிடுங்காதீர்கள். அதைவிடப் பிடித்த ஒன்றை, உதாரணமாக அவித்த முட்டைத் துண்டை, மூக்குக்கு அருகே காட்டுங்கள். பொம்மையை விட்டதும் முட்டையைக் கொடுத்து, பொம்மையையும் திருப்பிக் கொடுங்கள். "விட்டாலும் நஷ்டமில்லை" என்று நாய் கற்றுக்கொள்ளும். இதை இன்னொரு நாய் இல்லாத இடத்தில் தொடங்க வேண்டும்.

பெயர் சொன்னால் மட்டும்: இரண்டையும் இடைவெளி விட்டு உட்கார வைத்து, பெயர் சொல்லி ஒவ்வொன்றாக பிஸ்கட் கொடுங்கள். காத்திருந்தால் தனக்கும் வரும் என்ற நம்பிக்கை வளரும்.

தூரத்தில் தொடங்குங்கள்: இரண்டு பேர் சேர்ந்து, இரண்டு நாய்களையும் கயிற்றில் பிடித்துச் செய்ய வேண்டிய பயிற்சி இது. பறிபோகுமோ என்று பயப்படும் நாய் அமைதியாக இருக்கும் தூரத்தில் மற்றது வந்து நின்றால், உடனே இதற்குச் சிக்கன் துண்டு. மற்றது போனதும் சிக்கனும் நின்றுவிடும். நாளடைவில் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். "அவன் வந்தால் எனக்கு நல்லது நடக்கும்" என்று நாய் நினைக்கத் தொடங்கும். உடம்பு விறைத்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். மறுபடி பின்னால் போங்கள்.

சண்டை வந்துவிட்டால்?

நடுவில் கை விடாதீர்கள். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கப் போகும்போதுதான் பலருக்குக் கடி படுகிறது. பாத்திரத்தைத் தட்டிப் பெரிய சத்தம் எழுப்புங்கள், தண்ணீரை ஊற்றுங்கள், பெட்ஷீட்டைப் போடுங்கள், அல்லது நாற்காலியை இடையில் தள்ளுங்கள். பிரிந்ததும் தனித்தனி அறையில் விட்டு, அவை அமைதியாகும் வரை சேர்க்க வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில், நாய் சாப்பிடும் இடத்துக்கு அவர்கள் போகவே கூடாது.

மனிதர்களைக் கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட சொந்த நாய்தான் என்று விட்டுவிடக் கூடாது. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் தடவாதீர்கள்.

மருத்துவரிடம் எப்போது செல்ல வேண்டும்?

இதுவரை அமைதியாக இருந்த நாய் திடீரென்று இப்படி மாறினால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பல் வலி, மூட்டு வலி, காது வலி என உடம்பில் உள்ள வேதனைகூடக் கோபமாக வெளிவரும். ரத்தம் வரும் அளவுக்குச் சண்டை நடந்தாலும், மனிதர்களை நோக்கிப் பாய்ந்தாலும் நீங்களே பயிற்சி கொடுத்துப் பார்க்க வேண்டாம். மருத்துவரின் ஆலோசனையுடன், அடிக்காமல் பயிற்சி தருபவரை நாடுங்கள்.

இரண்டு நாய்களும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட வேண்டாம். பல வீடுகளில், சாப்பாட்டு நேரத்துக் கதவு கடைசிவரை மூடியேதான் இருக்கும். அதில் தவறில்லை. அந்த இருபது நிமிடம் தனியாக இருந்தால், மீதி நேரம் முழுக்க அவை ஒன்றாக இருக்க முடியும்.