கொலஸ்ட்ராலும் அனிச்கோவின் முயல்களும்

ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் பலர் முதலில் பார்ப்பது கொலஸ்ட்ரால் அளவைத்தான். அதற்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டு என்பது இன்று பள்ளி மாணவர்களுக்கும் தெரியும். ஆனால் இதற்கு அடித்தளமான ஆய்வுக்கட்டுரை 1913-லேயே வெளிவந்துவிட்டது. மருத்துவ உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆயின. ஏன் இந்தத் தாமதம்?

கதை தொடங்குவது அன்றைய ரஷ்யத் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். அங்கே இக்னத்தோவ்ஸ்கி என்ற மருத்துவர் முயல்களுக்கு இறைச்சி, முட்டை, பால் கொடுத்து வளர்த்தார். அவற்றின் ரத்தக்குழாய்கள் தடித்துப்போனதை 1908-ல் வெளியிட்டார். உணவில் உள்ள புரதமே காரணம் என்பது அவர் எண்ணம். ஆனால் முட்டையின் மஞ்சள் கருவே அந்த வேலையைச் செய்கிறது என்று அடுத்து வந்த சோதனைகள் காட்டின.

மஞ்சள் கருவில் இருக்கும் எந்தப் பொருள்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் 1885-ல் பிறந்த நிக்கொலாய் அனிச்கோவ். அவரும் செமியோன் கலாத்தோவும் தூய கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு வெறும் எண்ணெய் மட்டும். கொலஸ்ட்ரால் தின்ற முயல்களின் பெருந்தமனியில் கொழுப்புப் படிவுகள் உண்டாயின. எண்ணெய் மட்டும் தின்றவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த முடிவை 1913-ல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார்கள்.

சோதனை இவ்வளவு தெளிவாக இருந்தும் எடுபடாததற்கு இரண்டு காரணங்கள். தமனி தடிப்பது முதுமையோடு தானாக வருவது, அதைத் தடுக்க முடியாது என்ற எண்ணம் அன்று ஆழமாக வேரூன்றியிருந்தது. இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. மற்ற ஆய்வாளர்கள் இதே சோதனையை எலியிலும் நாயிலும் செய்து பார்த்தார்கள். படிவு வரவில்லை. முயலோ இலை தழை தின்னும் பிராணி, அதன் இயல்பான உணவில் கொலஸ்ட்ராலே கிடையாது, ஆகவே இது மனிதனுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

உண்மையில் எலியும் நாயும் உணவில் வரும் கொலஸ்ட்ராலைக் கல்லீரலில் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றிவிடக் கூடியவை. ரத்தத்தில் அளவு ஏறினால்தானே குழாயில் படியும்? சோதனை பொய்க்கவில்லை, பிராணி மாறிவிட்டது. அனிச்கோவும் கொலஸ்ட்ரால் ஒன்றே போதும் என்று சொல்லவில்லை. ரத்த அழுத்தம் போன்றவையும் சேர்ந்தே நோய் வருகிறது என்றுதான் எழுதினார்.

1950-ல் அமெரிக்காவில் ஜான் காஃப்மன், ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகள்களை அதிவேகச் சுழற்சி இயந்திரத்தில் வகை வகையாகப் பிரித்தார். அவற்றில் சில வகைகளுக்கும் இதயநோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார். 1948-ல் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் தொடங்கிய நீண்டகால ஆய்வு, கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்கு இதயநோய் அதிகம் வருவதை 1961-ல் உறுதி செய்தது. அனிச்கோவ் 1964-ல் இறந்தார்.

அதன் பிறகும் எலி ஒருமுறை குறுக்கே வந்தது! ஜப்பானியரான அகிரா எண்டோ, கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் ஒரு பொருளை 1973-ல் பூஞ்சையிலிருந்து கண்டுபிடித்தார். எலிகளுக்குக் கொடுத்தபோது அளவு குறையவில்லை. வேலை அத்துடன் நின்றிருக்க வேண்டியது. ஆனால் முட்டையில் கொலஸ்ட்ரால் நிறைய இருப்பதால், முட்டையிடும் கோழிகளில் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். அங்கே அளவு நன்றாகக் குறைந்தது. ஸ்டாட்டின் மருந்துகளின் தொடக்கம் இதுதான். எண்டோ 2024-ல் மறைந்தார்.

ஸ்டாட்டின் வகையின் முதல் மருந்து 1987-ல் விற்பனைக்கு வந்தது. ஏற்கெனவே இதயநோய் இருந்த 4,444 பேரிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த சோதனையின் முடிவு 1994-ல் வெளியானது. ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டவர்களிடையே மரணங்கள் 30 சதவீதம் குறைந்திருந்தன.

ஒரு சோதனையைத் திரும்பச் செய்து அதே முடிவு வராவிட்டால் முதல் ஆய்வு தவறு என்று சொல்லிவிடுவது எளிது. இரண்டு பிராணிகளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பதுதான் கடினம். 1913-க்குப் பிறகு அந்தக் கேள்வியை உரிய காலத்தில் கேட்டிருந்தால், எத்தனையோ பேருக்கு மருந்து முன்னமே கிடைத்திருக்கலாம்.