பேசத் தெரியாதவரிடம் கேள்வி கேட்பது எப்படி?

அக்காவுக்குப் போன வருஷம் பெண் குழந்தை பிறந்தது. மேடம் அவசரக் குடுக்கை, எட்டாம் மாசமே வந்துவிட்டார். எடை ஒன்றேமுக்கால் கிலோ. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். நான் பெங்களூரில் ஆணி பிடுங்குவதை அப்படியே போட்டுவிட்டு, லீவு சொல்லி ராத்திரி பஸ் பிடித்து ஓடினேன். தாய்மாமன் இல்லையா :-)

நாலாவது நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் எடுக்க ஒரு சிஸ்டர் வந்தார். அத்தனை சின்னக் குழந்தைக்குக் குதிகாலில் குத்தித்தான் எடுப்பார்களாம். குத்துவதற்கு முன்னால் ஊசி இல்லாத சிரிஞ்சிலிருந்து ரெண்டு சொட்டு எதையோ நாக்கில் விட்டார். ரெண்டு நிமிஷம் காத்திருந்தார். அப்புறம்தான் குத்தினார். பாப்பா லேசாக முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான்.

வெளியே வந்தவரிடம் "என்ன சிஸ்டர் அது?" என்று கேட்டேன்.

"சர்க்கரைத் தண்ணி சார். வலி கம்மியாத் தெரியும்."

"இவ்ளோ சின்னக் குழந்தைக்கு வலியெல்லாம் தெரியுமா?"

சிஸ்டர் பதில் சொல்லவில்லை, ஒரு பார்வை பார்த்தார். பக்கத்தில் இருந்த அம்மாதான் பிடித்துக்கொண்டார். "ஏன்டா, உன்னைக் குத்துனா உனக்கு வலிக்காதா? அவளுக்குச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதானே?"

அசட்டுக் கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊருக்குத் திரும்பியும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. சொல்லத் தெரியாதவருக்கு என்ன தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்ததில் தெரிந்தது: என் அசட்டுக் கேள்வியை நூற்றைம்பது வருஷமாகப் பெரிய பெரிய ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். சில சமயம் தப்பான பதிலும் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தப்புக்கு விலை கொடுத்தது அவர்கள் இல்லை, குழந்தைகள்.

பொட்டி தட்டும் நம் தொழிலில் பிளாக் பாக்ஸ் டெஸ்டிங் என்று ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் கோடு நம் கண்ணுக்குத் தெரியாது. ஏதாவது உள்ளே அனுப்பி, வெளியே என்ன வருகிறது என்று பார்த்து உள்ளே நடப்பதை ஊகிக்க வேண்டும். குழந்தை உளவியலின் வரலாறு கிட்டத்தட்ட இதுதான். வெளியே வருவதை எந்த வாசலில் நின்று பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் வாசல், அப்பாவின் நோட்டுப் புத்தகம். பரிணாமக் கொள்கை சொன்ன அதே சார்லஸ் டார்வின்தான். 1839 டிசம்பரில் அவருக்கு மூத்த மகன் வில்லியம் பிறந்தான். மனுஷர் புழு பூச்சிகளைக் கவனிக்கிற மாதிரியே பையனையும் கவனித்துக் குறிப்பு எழுதினார். ஏழாவது நாள் உள்ளங்காலைக் காகிதத் துண்டால் தொட்டபோது, காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு விரல்களை மடக்கினான் என்று அதில் இருக்கிறது. முப்பத்தேழு வருஷம் அந்தக் குறிப்பு சும்மா கிடந்தது. பிரெஞ்சுக்காரர் இப்போலித் தேன் தன் மகள் பேசக் கற்றுக்கொண்டதைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு, 1877இல் டார்வினும் எடுத்து வெளியிட்டார். ஜெர்மனியில் வில்லியம் ப்ரெயர் இன்னும் கறார். மகன் ஆக்ஸலை மூன்று வருஷம், தினமும் மூன்று வேளை கவனித்து எழுதி 1882இல் புத்தகமாகவே போட்டார். குழந்தை வளர்ச்சி ஆராய்ச்சி என்ற துறை அங்கிருந்துதான் ஆரம்பித்தது என்று சொல்பவர்கள் உண்டு.

இதில் உள்ள கோளாறு உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரே ஒரு பிள்ளை, அதுவும் சொந்தப் பிள்ளை. என் அக்காவிடம் கேட்டால் பாப்பா மூன்றாம் வாரமே தன்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று சத்தியம் செய்வாள்.

அடுத்து ழான் பியாஜே. சுவிட்சர்லாந்துக்காரர். சின்ன வயதில் பாரீசில் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் சோதனை நடத்தும் வேலை பார்த்தார். எல்லோரும் சரியான விடைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது இவருக்குத் தப்பு விடைகள் மேல் ஆர்வம் வந்தது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்பு செய்கிறார்களே, ஏன்? (நம்ம ஆள் என்று தோன்றியது. பக் ரிப்போர்ட்டை ரசித்துப் படிக்கிற ஜாதி.) அப்புறம் 1925க்கும் 1931க்கும் இடையில் பிறந்த தன் மூன்று குழந்தைகளைக் கவனித்தார். சும்மா பார்த்து எழுதியதோடு நிற்கவில்லை, சின்னச் சின்னச் சோதனையும் செய்தார். பிள்ளை ஆசையாகப் பார்க்கும் பொம்மையை அதன் கண் முன்னாலேயே துணி போட்டு மூடினார். ஏழு மாதக் குழந்தை தேடவில்லை. பொம்மை என்று ஒன்று இருந்ததே இல்லை என்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. எட்டு, ஒன்பது மாதத்துக்கு மேல்தான் துணியை இழுத்துத் தேடியது. கண்ணில் படாத பொருள் சின்னக் குழந்தையைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை என்று முடிவு கட்டினார் பியாஜே.

பல வருஷம் இதுதான் பாடம். ஆனால் அவர் நின்ற வாசல் எது? கை. கையை நீட்டி, துணியைப் பிடித்து, இழுக்க வேண்டும். தெரிந்தும் கை ஒத்துழைக்கவில்லை என்றால்? நெட்வொர்க் புட்டுக்கொண்டதற்கு சர்வர் செத்துவிட்டது என்று எழுதுகிற கதையாக இருக்கலாம் இல்லையா?

கைக்குப் பதில் கண்ணைப் பிடித்தவர் அமெரிக்காவில் ராபர்ட் ஃபான்ட்ஸ். 1950களின் கடைசியில் ஒரு சின்ன அறை மாதிரி பெட்டி செய்தார். குழந்தையைப் படுக்க வைத்து மேலே இரண்டு படங்கள். நடுவில் ஒரு ஓட்டை, அது வழியாக ஆராய்ச்சியாளர் எட்டிப் பார்ப்பார். குழந்தையின் கருவிழியில் எந்தப் படம் தெரிகிறதோ அதைத்தான் அது பார்க்கிறது. எத்தனை வினாடி என்று கணக்கெடுக்க வேண்டியது, அவ்வளவுதான். பிறந்து சில நாளே ஆன குழந்தைகள்கூட வெறும் வண்ணத்தைவிடக் கோலம் போட்ட வடிவங்களையும் முகங்களையும் அதிக நேரம் பார்த்தன. "பச்சைக் குழந்தைக்கு எல்லாம் மசமசப்பு" என்ற பேச்சு அதோடு ஆட்டம் கண்டது.

ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் குழந்தைக்குப் போரடித்துவிடும், புதுசு வந்தால் மறுபடி உற்றுப் பார்க்கும் என்பதையும் அவர் பதிவு செய்தார். இது பெரிய ஆயுதம். போரடிக்கிறது என்றால் பழசு ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம். உற்றுப் பார்க்கிறது என்றால் வித்தியாசம் தெரிகிறது என்று அர்த்தம். 1971இல் பீட்டர் ஐமஸ் குழு இதையே காதுக்குச் செய்தது. வாயில் ரப்பர் காம்பு, காதில் சத்தம். ஒரே சத்தத்தைக் கேட்டுச் சலித்துப்போய்ச் சப்புவதைக் குறைத்த குழந்தை, 'ப' சத்தத்தின் இன்னொரு வகைக்கு மாற்றியதும் வேகமாகச் சப்பியது. ஒரு மாதக் குழந்தை! தமிழ் எழுத்தில் ஒரே 'ப'வாக எழுதும் இரண்டு ஒலிகள், பம்பரத்தின் முதல் எழுத்தும் மூன்றாம் எழுத்தும். அவை வேறு வேறு என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

நமக்கு நெருக்கமானது 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர் செய்த சோதனை. என் அமெரிக்க மேனேஜருக்கு 'த'வும் 'ட'வும் ஒன்றுதான், எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் காதிலேயே ஏறாது. வெர்க்கர் எடுத்துக்கொண்டதும் இந்தியில் உள்ள இதே ஜோடியைத்தான். சத்தம் மாறும்போது தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை விளக்கு எரிந்து ஆடும் என்று குழந்தைகளைப் பழக்கினார். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்கும் குழந்தைகள் ஆறிலிருந்து எட்டு மாதத்தில் 'த'வையும் 'ட'வையும் பிரித்துத் தலையைத் திருப்பின. பத்திலிருந்து பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளால் முடியவில்லை. ஆக, என் மேனேஜருக்கும் ஒரு காலத்தில் தமிழ்க் காது இருந்திருக்கிறது. முதல் பிறந்தநாளுக்கு முன்னாலேயே தொலைத்துவிட்டார், பாவம்.

பியாஜேயின் பொம்மைக் கதைக்கும் கண் வழியாகவே மறு விசாரணை வந்தது. 1985இல் ரெனே பைலார்ஜியோன், எலிசபெத் ஸ்பெல்கி, ஸ்டான்லி வாசர்மேன் மூவரும் ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு சின்ன மேஜிக் காட்டினார்கள். ஒரு பலகை, பின்னால் ஒரு பெட்டி. பலகை மெல்ல எழும்பிப் பெட்டியை மறைத்துப் பின்பக்கம் சாய வேண்டும். ஒரு தடவை பெட்டியில் இடித்து நின்றது, அது நியாயம். இன்னொரு தடவை பெட்டியே இல்லாத மாதிரி முழுசாகத் தரையில் படுத்தது. அதைத்தான் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. பலகைக்குப் பின்னால் பெட்டி இருந்தது என்று தெரியாவிட்டால் இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

உடனே கைதட்டிவிட வேண்டாம். அதிக நேரம் பார்த்தால் ஆச்சரியம் என்றுதான் அர்த்தமா, பலகை அதிக தூரம் அசைந்தது வேடிக்கையாக இருந்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. இன்னொரு உதாரணமும் சொல்லிவிடுகிறேன். பிறந்த சில வாரத்திலேயே குழந்தை நாம் நாக்கை நீட்டினால் தானும் நீட்டும் என்று 1977இல் மெல்ட்ஸாஃப், மூர் இருவரும் எழுதினார்கள். பாடப் புத்தகமெல்லாம் ஏறிய விஷயம் அது. 2016இல் ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளை ஒன்பது வாரம் வரை நாலு தடவை சோதித்தபோது, அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குழந்தை எதற்கெடுத்தாலும் நாக்கை நீட்டுகிறது, அவ்வளவுதான். அப்பாவின் நோட்டில் இருந்த அதே வியாதி, நாம் பார்க்க ஆசைப்படுவதைப் பார்ப்பது, லேபில் வைத்தாலும் போவதில்லை.

சரி, ஊசி விஷயத்துக்கு வருவோம். இதுவரை சொன்னதெல்லாம் தப்பாகப் போனால் ஒரு புத்தகத்தைத் திருத்தினால் போதும். வலி அப்படி இல்லை.

1941இல் நியூயார்க்கில் மர்ட்டில் மெக்ரா 75 குழந்தைகளை, பிறந்ததிலிருந்து நாலு வயது வரை, ஊசியால் லேசாகக் குத்திப் பார்த்த ஆய்வை வெளியிட்டார். பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைகளில் சில பெரிதாக எதுவும் காட்டவில்லை. மூளையின் மேல்பகுதி இன்னும் வேலைக்கு வரவில்லை, குழந்தை அசைவதெல்லாம் வெறும் அனிச்சை என்ற எண்ணத்துக்கு இது வலுச் சேர்த்தது. டார்வின் மகன் ஏழாம் நாள் காலை இழுத்துக்கொண்டதும் இந்தக் கணக்கில் அனிச்சைதான். கூடவே நியாயமான ஒரு பயமும் இருந்தது. அத்தனை சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்காது, மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர்கள் அஞ்சினார்கள். ரெண்டும் சேர்ந்து 1980கள் வரை நிறைய இடங்களில் என்ன நடந்தது தெரியுமா? பச்சைக் குழந்தைகளுக்குத் தசை அசையாமல் இருக்க ஒரு மருந்தும், லேசான நைட்ரஸ் ஆக்ஸைடும் மட்டும் கொடுத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அசைய முடியாத குழந்தை எப்படி வலியைச் சொல்லும்? இருந்த ஒரே வாசலையும் நாமே பூட்டிவிட்டு, உள்ளே யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறோம்.

இதைப் படித்த அன்றைக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டு, சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொன்னேன்.

வேறு வாசலைத் திறந்தவர் நம்ம ஊரில் மருத்துவம் படித்து ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போன கே.ஜே.எஸ். ஆனந்த். அறுவை முடிந்து வார்டுக்குத் திரும்பும் குறைமாதக் குழந்தைகள் மோசமான நிலையில் வருவதைப் பார்த்து, ஏன் என்று யோசித்தார். முகம் பேசாவிட்டால் என்ன, ரத்தம் பேசுமே? இதயத்துக்குப் பக்கத்தில் மூடாமல் இருக்கும் ரத்தக்குழாயை மூடும் அறுவைக்கு வந்த 16 குறைமாதக் குழந்தைகளைப் பிரித்தார். எட்டுப் பேருக்கு அப்போதைய வழக்கப்படி, எட்டுப் பேருக்கு அதோடு ஃபென்டனில் என்ற வலி மருந்தும். வலி மருந்து கிடைக்காத குழந்தைகளின் ரத்தத்தில் அதிர்ச்சியைக் காட்டும் ஹார்மோன்கள் ரொம்ப எகிறின, அறுவைக்குப் பிறகு சிக்கல்களும் அவர்களுக்குத்தான் அதிகம். 1987 ஜனவரியில் லான்செட் இதழில் இது வந்தது. அதே வருஷம் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், பச்சைக் குழந்தைக்கும் முறையான மயக்க மருந்து வேண்டும் என்று அறிவித்தது. அதே 1987இல்தான் ரூத் க்ருனாவ், கென்னத் கிரெய்க் இருவரும் குழந்தையின் புருவம், கண், மூக்கோரம், வாய் எப்படிச் சுளிக்கிறது என்று பார்த்து வலியைக் கணக்கிடும் வழியைக் கொண்டுவந்தார்கள். 1987! என் அக்காவே அதற்கு ரெண்டு வருஷம் கழித்துத்தான் பிறந்தாள்.

அப்புறம் அந்தச் சர்க்கரைத் தண்ணீர்? அதில்தான் கடைசிக் குழப்பம். இனிப்பு கொடுத்தால் அழுகையும் முகச்சுளிப்பும் குறைகிறது என்பதற்கு நிறைய ஆதாரம் உண்டு. அதனால்தான் இன்றும் கொடுக்கிறார்கள். ஆனால் 2010இல் லண்டனில் ரெபெக்கா ஸ்லேட்டர் குழு 59 குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்தும்போது மூளையின் மின் அலைகளையும் சேர்த்து அளந்தது. சர்க்கரை கிடைத்த குழந்தைகளின் முகம் குறைவாகச் சுளித்தது. மூளையில் பதிவான வலி அலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முகம் ஒன்று சொல்கிறது, மூளை ஒன்று சொல்கிறது. எதை நம்புவது என்று இன்றும் வாதம் நடக்கிறது.

பாப்பாவுக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. போனைத் துணிக்கு அடியில் ஒளித்தால் ஒரு நொடியில் எடுத்துவிடுகிறாள், பியாஜே பாஸ். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அவள் குதிகாலைப் பார்த்தேன், ஒரு தழும்பும் இல்லை. "அன்னைக்குக் குத்துனது இவளுக்கு வலிச்சிருக்கும்ல?" என்று அக்கா கேட்டாள்.

இந்தத் தடவை அசட்டுப் பதில் சொல்லவில்லை. "வலிச்சிருக்கும்க்கா. எவ்வளவுன்னு கேக்கத்தான் இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல" என்றேன்.