எழுதிய எண்ணும் அளந்த எண்ணும்: வாக்கர்ட்டன் ஊரின் குடிநீர்க் கதை



சென்ற பதிவின் கீழே பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், எங்க ஊர் குழாய்த் தண்ணியில பிளீச்சிங் பவுடர் வாடை தாங்கல. டேங்க் ஆபரேட்டர்கிட்ட சொன்னா, குறைச்சுப் போடறேன்னு சொல்றார். குறைக்கச் சொல்லலாமா சார்?"

இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதே புகாரில் தொடங்கி ஏழு உயிர்களில் போய் முடிந்த ஒரு சிற்றூரின் வரலாறு நினைவுக்கு வந்தது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோவுக்கு வடமேற்கே வாக்கர்ட்டன் என்று ஓர் ஊர். 2000ஆம் ஆண்டில் அங்கே மக்கள்தொகை 5,000-க்கும் சற்றுக் குறைவு. நம்மூர்ப் பேரூராட்சி ஒன்றைவிடச் சிறியது. சுற்றிலும் வயல்கள், மாட்டுப் பண்ணைகள். ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவை மூன்று கிணறுகள். 5, 6, 7 என்று எண்கள்தான் அவற்றுக்குப் பெயர்.

இதில் 5ஆம் கிணறு 1978இல் அமைத்தது. ஆழம் 15 மீட்டர்தான். அதிலும் தண்ணீர் ஊறி வந்தது தரையிலிருந்து 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் இருந்த விரிசல் விட்ட பாறையிலிருந்து. மேலே இருந்த மண்ணின் கனம் குறைவு. பெருமழை பெய்தால் மேல்தண்ணீர் நேரே உள்ளே இறங்கிவிடும் ஆபத்து உண்டு என்பது 1978இலேயே தெரிந்த விஷயம். பக்கத்திலேயே ஒரு மாட்டுப் பண்ணையும் இருந்தது. ஆனாலும் கிணறு ஓடியது. குளோரின் போடுகிறோமே என்ற தைரியம்.

இங்கே கொஞ்சம் வேதியியல் சொல்ல வேண்டும். தண்ணீரில் குளோரின் போட்டால் அது கிருமிகளைக் கொல்லும். இது எல்லோருக்கும் தெரியும். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரத்தில் தொடர்ச்சியாகக் குளோரின் கலக்க ஆரம்பித்த பிறகு இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. டைபாய்டும் காலராவும் நகரங்களை விட்டு ஓடியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதிகம் பேர் கவனிக்காத இன்னொரு வேலையையும் குளோரின் செய்கிறது. அது சேதி சொல்லும். தண்ணீரில் அழுக்கு அதிகமாக வந்தால் குளோரின் அந்த அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். சண்டை முடிந்து மிச்சம் நிற்பதைத்தான் எஞ்சிய குளோரின் என்கிறோம். தினமும் அளக்கும்போது இந்த மிச்சம் திடீரென்று குறைந்தால், கிணற்றுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று பொருள். கிருமி எது என்று தெரிய ஆய்வகத்தில் ஒன்றிரண்டு நாள் ஆகும். குளோரின் மிச்சம் சில நிமிடத்தில் சொல்லிவிடும்.

அன்றைய ஒன்டாரியோ விதி இதுதான்: குளோரின் கலந்து 15 நிமிடம் கழித்து ஒரு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். தினமும் அளந்து தாளில் எழுத வேண்டும்.

வாக்கர்ட்டனில் தாளில் எழுதினார்கள். அளக்கவில்லை.

குடிநீர்ப் பணியை நடத்தியவர்கள் மேலாளர், மேற்பார்வையாளர் என்ற பொறுப்புகளில் இருந்த இரண்டு சகோதரர்கள். அவர்களுடைய பெயர்கள் எல்லா ஆவணங்களிலும் இருக்கின்றன. நமக்கு இங்கே தேவையில்லை. பல ஆண்டுகளாகத் தினசரித் தாளில் 0.5, 0.75 என்ற இரண்டு எண்களே மாறி மாறி வந்தன. கோடையோ பனியோ மழையோ, அதே எண்கள்தான். குளோரினையும் விதி கேட்ட அளவைவிடக் குறைவாகவே போட்டார்கள். வாடை அடிக்கிறது என்று ஊர்க்காரர்களில் சிலர் புகார் சொல்வதும் உண்டு. தவிர, எங்கள் ஊர்த் தண்ணீர் சுத்தமானது என்பதில் அவர்களுக்கு முழு நம்பிக்கை. குளோரின் போடாத தண்ணீரைக் கிணற்றடியிலேயே பிடித்துக் குடிப்பார்கள். நோய் பரவிக்கொண்டிருந்த நாட்களிலும் அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்பது பிறகு விசாரணையில் வந்தது. கெட்ட எண்ணம் இருந்தவர்கள் அப்படிக் குடிக்க மாட்டார்கள்.

2000ஆம் ஆண்டு மே 8 முதல் 12 வரை அங்கே 134 மில்லிமீட்டர் மழை. 12ஆம் தேதி ஒரு நாளில் மட்டும் 70. வயலில் போட்டிருந்த மாட்டுச் சாணத்தில் இருந்த கிருமிகள் மழைத் தண்ணீரோடு 5ஆம் கிணற்றுக்குள் இறங்கின. இ.கோலை ஓ157:ஹெச்7 ஒன்று, கேம்பைலோபாக்டர் இன்னொன்று. முதலாவது மாட்டின் குடலில் சும்மா கிடக்கும். மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. மனிதக் குடலுக்குள் போனால் நஞ்சைச் சுரக்கும். இரத்தப் பேதி வரும். சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் சில சமயம் சிறுநீரகத்தையே பழுதாக்கிவிடும். சாணம் போட்ட விவசாயி எந்த விதியையும் மீறவில்லை என்று விசாரணை பிறகு தெளிவாகச் சொன்னது.

அந்த நாட்களில் ஒரு தடவை ஒழுங்காக அளந்திருந்தால் குளோரின் மிச்சம் விழுந்தது தெரிந்திருக்கும். தாளில் வழக்கமான எண்கள் ஏறின.

15ஆம் தேதி எடுத்த தண்ணீர் மாதிரி ஒரு தனியார் ஆய்வகத்துக்குப் போனது. 17ஆம் தேதி முடிவு வந்துவிட்டது: தண்ணீரில் இ.கோலை இருக்கிறது. ஆய்வகம் அதைக் குடிநீர் மேலாளருக்கு மட்டும் அனுப்பியது. சுகாதாரத் துறைக்குச் சொல்லவில்லை. 1996இல் அரசு ஆய்வகங்கள் இந்த வேலையிலிருந்து விலகித் தனியாரிடம் விட்டபோது, மோசமான முடிவு வந்தால் சுகாதாரத் துறைக்கும் சொல்ல வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மேலாளர் அந்தத் தாளை வைத்துக்கொண்டார்.

18ஆம் தேதி, பக்கத்து ஊரான ஓவன் சவுண்ட் மருத்துவமனையில் இரண்டு குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். அங்கிருந்த குழந்தை மருத்துவர் சந்தேகப்பட்டு 19ஆம் தேதி சுகாதாரத் துறைக்குச் சொன்னார். துறையினர் மேலாளரைத் தொலைபேசியில் கேட்டார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றார். 20ஆம் தேதி மறுபடி கேட்டார்கள். அதே பதில். ஆய்வக முடிவு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஊரில் வயிற்றுப்போக்கு வந்தவர்களுக்குத் தாகம் தீர நிறையத் தண்ணீர் கொடுத்திருப்பார்கள் அல்லவா? அது எந்தத் தண்ணீர் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம், சுகாதாரத் துறை தன் பொறுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி அறிவித்தது. உள்ளூர் வானொலியில் மட்டும் சொன்னார்கள். கேட்காதவர்கள் தொடர்ந்து குடித்தார்கள். மறுநாள் முதல் மரணம். மொத்தம் ஏழு பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள்; ஊரில் கிட்டத்தட்டப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 27 பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. 17ஆம் தேதியே சுகாதாரத் துறைக்குத் தெரிந்திருந்தால் 300 முதல் 400 பேராவது நோயிலிருந்து தப்பியிருப்பார்கள் என்று விசாரணை கணக்கிட்டது. ஆவணங்களைக் கேட்டு வந்தபோதும், குளோரின் கருவியே இல்லாமல் ஓடிய 7ஆம் கிணற்றின் தாளைத் திருத்தி எழுதிக் கொடுத்தார்கள். டிசம்பர் வரை அந்த ஊர் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடித்தது.

நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் தலைமையில் நடந்த விசாரணையின் முதல் அறிக்கை 2002 ஜனவரியில் வந்தது. இரண்டு பேரைத் திட்டிவிட்டு அது நின்றுவிடவில்லை. 1991, 1995, 1998 என மூன்று முறை அரசு ஆய்வாளர்கள் வந்து போனதை எடுத்து வைத்தது. அவர்களுடைய சோதனையிலேயே குளோரின் குறைவு என்று தெரிந்தது. தாளிலோ எப்போதும் 0.5, 0.75. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் குட்டு அன்றைக்கே உடைந்திருக்கும். சகோதரர்களுக்கு உரிமம் கிடைத்தது பணி அனுபவத்தை வைத்து. தேர்வு எழுதி அல்ல. அரசு செலவைக் குறைக்கிறோம் என்று சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் 750-க்கும் மேற்பட்ட பணியிடங்களை எடுத்திருந்தது. 5ஆம் கிணற்றில் குளோரினைத் தொடர்ந்து அளக்கும் கருவி ஒன்று இருந்திருந்தால் எச்சரிக்கை மணி அடித்துக் கிணறே தானாக நின்றிருக்கும்; இந்த நோய் ஊருக்குள் வந்தே இருக்காது என்றது அறிக்கை.

2002இல் ஒன்டாரியோ பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் கொண்டுவந்தது. ஆய்வகங்கள் மோசமான முடிவைச் சுகாதாரத் துறைக்கு நேரடியாகச் சொல்வது கட்டாயமானது. குடிநீர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கட்டாயமானது. அந்தப் பயிற்சி நிலையத்தை வாக்கர்ட்டனிலேயே வைத்தார்கள். சகோதரர்கள் 2004இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஒருவருக்கு ஓராண்டுச் சிறை, மற்றவருக்கு ஒன்பது மாதம் வீட்டுக் காவல்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்தவன். பியூரெட்டைப் பிடித்துத் துளித்துளியாக விட்டு அளவு எடுக்கும் சோதனை எல்லோருக்கும் நினைவிருக்கும். முதல் அளவு ஒழுங்காக எடுப்பார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் அதே எண்ணாக வர வேண்டும் என்பதால் சோதனை செய்யாமலே எழுதிவிடுவார்கள். ரெக்கார்டு நோட்டில் மூன்று வரிசையிலும் 20.0, 20.0, 20.0. எனக்குத் தெரியும். தெரிந்தே பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செய்முறைத் தேர்வு நெருங்குகிறது, நாற்பது பிள்ளைகள், நாலே பியூரெட் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "ஏம்ப்பா, நெசமாவே மூணு தடவை விட்டியா?" என்று ஒரு பிள்ளையைக் கேட்டுத் திரும்பச் செய்யச் சொன்னதாக நினைவில்லை. எண்ணை எழுதினால் போதும், அளக்க வேண்டாம் என்ற பாடத்தை நானும்தான் நடத்தியிருக்கிறேன். அவர்களில் யாராவது இன்று ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருப்பார்கள்.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். குறைக்கச் சொல்லாதீர்கள். அளக்கச் சொல்லுங்கள். நம் நாட்டுத் தரத்தின்படி குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். அதை அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் வாடை தூக்கலாக அடிக்கலாம். கடைசித் தெருவில் ஒன்றுமே மிச்சமில்லாமல் போயிருக்கலாம். ஆகவே கடைசித் தெருக் குழாயில் வைத்து அளக்கச் சொல்லுங்கள், அதிலும் பெருமழைக்கு மறுநாள். ஆபரேட்டரோடு சண்டைக்குப் போக வேண்டாம். மரியாதையாகக் கேட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். முடிந்தால் பதிவேட்டையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். எல்லா நாளும் ஒரே எண் இருந்தால், அன்றைக்கு வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டு, மறுநாள் காலையில் பேரூராட்சி அலுவலகத்துக்கு ஒரு மனுவோடு போய் வாருங்கள்.

என்னிடம் படித்து இன்று ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பியூரெட் அளவு 19.8 என்றும் 20.1 என்றும் எழுதிக்கொண்டு வரும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். அது அளந்திருக்கிறது.