சிறு படகுகளில் பூஞ்சணம்

கேபின் உள்ள சிறு பாய்மரப் படகுகளிலும் விசைப்படகுகளிலும் மெத்தை, உள்கூரைத் துணி, மரப்பலகை, கயிறு ஆகியவற்றின் மேல் கரும்புள்ளிகளாகவோ சாம்பல் நிறப் படலமாகவோ படரும் பூஞ்சை வளர்ச்சி இது. கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் என்னும் பேரினங்கள் இதில் அடிக்கடி காணப்படுபவை. இவற்றின் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. படகுக்குள் வராமல் அவற்றைத் தடுக்க வழியில்லை. நம் கையில் இருப்பது ஈரத்தைக் கட்டுப்படுத்துவது மட்டுமே. நனைந்த துணியோ பலகையோ 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். பிரிட்டனிலும் அமெரிக்காவின் வடமேற்குப் பசிபிக் கரையிலும் மழைக்காலமும் குளிர்காலமும் ஒன்றாகவே வருவதால், மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் படகுகளுக்கு இது தீராத தொல்லை.

ஈரம் வரும் வழி

கூரை ஒழுகினால்தான் படகுக்குள் ஈரம் சேரும் என்பதில்லை. சொட்டு நீர் கசியாத படகிலும் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். கேபின் 20 டிகிரி வெப்பத்திலும் 70 விழுக்காடு ஈரப்பதத்திலும் இருக்கும்போது அந்தக் காற்றில் 12 கிராம் நீராவி உண்டு. கடல்நீர் பட்டுக் குளிர்ந்த கண்ணாடியிழைச் சுவரை அது தொட்டதும், தாங்க முடியாத மிச்சம் சுவரில் நீராகப் படிகிறது. இருக்கை மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் இது விளங்கும். உட்காரும் பக்கம் பளிச்சென்று இருக்க, சுவரை ஒட்டிய பக்கத்தில் ஜிப் தையலின் ஓரமாகக் கரும்புள்ளிகள் வரிசை கட்டியிருக்கும். காற்று புகாத அந்த இடுக்கில்தான் நீர் படிந்து உலராமல் நின்றிருக்கிறது.

உள்ளே தூங்குபவர்களின் மூச்சும் கொதிக்கும் கெட்டிலும் ஈரத்தைக் கூட்டுகின்றன. குளிருக்காகப் புகைபோக்கி இல்லாத கேஸ் அடுப்பை எரிப்பது இன்னும் மோசம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீர் ஆவியாகக் கேபினுக்குள் சேரும். கடல்நீரில் நனைந்து காய்ந்த துணியும் அப்படியே. அதில் தங்கும் உப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து, காய்ந்த துணியை மறுபடி நமுக்க வைக்கும். ஆகவே மெத்தை உறையையும் மழைக்கோட்டையும் நல்ல தண்ணீரில் அலசாமல் உள்ளே வைக்கக் கூடாது.

மரப்படகுகளில் பூஞ்சணத்தோடு மர உளுப்பும் சேரக்கூடும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் அதற்கு வழி திறக்கும். கடல்நீரைவிட மேல்தளத்தின் வழியே கசியும் மழைநீர்தான் இங்கே பெரிய எதிரி. 1810இல் வெள்ளோட்டம் விடப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘குயின் சார்லட்’, பணியில் இறங்கும் முன்பே உளுத்துப்போனது. அதில் முளைத்திருந்த பூஞ்சைகளை ஆராய இயற்கை வரலாற்று ஓவியர் ஜேம்ஸ் சோவர்பியைக் கடற்படை அழைக்க வேண்டியிருந்தது.

அகற்றுதல்

முதலில் மூடிகளையும் சன்னல்களையும் திறந்துவிட்டு, துணி வகை அனைத்தையும் வெளியே எடுக்க வேண்டும். என்-95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் அவசியம். காய்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் கேபின் முழுவதும் பறக்கும். ஈரத்துணியால்தான் துடைத்தெடுக்க வேண்டும். கண்ணாடியிழை, வார்னிஷ் பூசிய மரம் போன்ற வழவழப்பான பரப்புகளுக்குச் சோப்புநீரும் பிறகு வெள்ளை வினிகரும் போதும். கறை மட்டும் மிஞ்சினால் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும், ஆனால் நிறம் வெளுக்கக்கூடும் என்பதால் மறைவான மூலையில் சோதித்த பிறகே தடவ வேண்டும்.

பிளீச்சிங் திரவத்தைப் பலரும் முதல் மருந்தாக எடுக்கிறார்கள். அது கடைசி மருந்தாக இருப்பதே நல்லது. நைலான் தையலையும் துருப்பிடிக்காத எஃகையும் அது அரிக்கும். மரம், துணி போன்ற உறிஞ்சும் பொருள்களில் மேலே கறையை வெளுத்துவிட்டு, வேரை உள்ளே விட்டுவிடும். வினிகரோடு கலந்தால் குளோரின் வாயுவும், அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவத்தோடு கலந்தால் குளோரமின் வாயுவும் கிளம்பும். சிறு கேபினில் இது உயிருக்கே ஆபத்து. மேலும், செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையைத் தூண்டும். கொன்றால் மட்டும் போதாது, வழித்து வெளியேற்ற வேண்டும். உள்ளே வரை பூஞ்சணம் ஏறிய ஃபோமைக் காப்பாற்ற நினைப்பது வீண். தூக்கி எறிந்துவிடுவதே சரி.

லைஃப் ஜாக்கெட்டுக்குப் பிளீச் ஆகாது. மென்மையான சோப்பும் நல்ல தண்ணீரும் போட்டுக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். கேபினே இல்லாத தமிழகக் கடற்கரையின் ஃபைபர் படகுகளுக்கும் இது பொருந்தும். ஈரத்தோடு பெட்டிக்குள் திணிக்கும் ஜாக்கெட்டில் பூஞ்சணம் பிடிக்கப் படகு மூடியிருக்க வேண்டியதில்லை.

தடுத்தல்

காற்றோட்டத்துக்கென்று பிறந்த கருவிகளில் புகழ்பெற்றது டொரேட் பெட்டி. ஒலின் ஸ்டீபன்ஸ் வடிவமைத்து 1930இல் நீரில் இறங்கிய ‘டொரேட்’ என்ற பாய்மரப் படகிலிருந்து இதற்குப் பெயர் வந்தது. பெட்டியை உருவாக்கியவர் அவருடைய தம்பி ராட் ஸ்டீபன்ஸ். மேல்தளத்தில் உள்ள பெட்டியின் ஒரு முனையில் காற்றை வாங்கும் குழல் நிற்கும். கேபினுக்குள் இறங்கும் குழாயோ மறுமுனையில், பெட்டியின் தரையைவிட உயர்ந்து இருக்கும். காற்றோடு வரும் அலைநீர் அந்த உயரத்தைத் தாண்ட முடியாமல் ஓரத்துளைகள் வழியே வடிந்துவிடும். காற்று மட்டும் உள்ளே போகும். அடைமழையிலும் கேபின் மூச்சுவிட இது போதும். உள்ளே வந்த காற்று வெளியேற இன்னொரு வழியும் இருக்க வேண்டும்.

படகு சும்மா கிடக்கும் மாதங்களில் மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, அலமாரிக் கதவுகளைத் திறந்து, அடிக்குழியில் தேங்கிய நீரைத் துடைத்துவிட வேண்டும். கரைமின்சாரம் கிடைத்தால் ஈரநீக்கி இயந்திரம் வைக்கலாம். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் போதும். 15 டிகிரிக்குக் கீழே குளிரும் இடத்தில் கம்ப்ரெசர் வகை திணறும், உலர்பொருள் வகையே உகந்தது. இயந்திரம் ஓடும்போது காற்றுத் துளைகளை அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊர்க் காற்றையெல்லாம் அது உலர்த்திக்கொண்டிருக்கும். கால்சியம் குளோரைடு டப்பாக்கள் சிறு அலமாரிக்கு மட்டுமே ஆகும். அவற்றில் சேரும் உப்புநீர் உலோகத்தை அரிப்பதால், நிரம்பும் முன்பே கொட்டிவிட வேண்டும்.