எண்ணூர்: ஒரு கடற்கரை வாசஸ்தலத்தின் வரலாறு

எண்ணூர், சென்னை மாநகரின் வடகோடியில் வங்காள விரிகுடாவுக்கும் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்துக்கும் இடையே அமைந்த ஊர். இங்குள்ள கழியின் முகத்துவாரம் ஜார்ஜ் கோட்டைக்கு ஏறத்தாழ 17 கி.மீ. வடக்கே உள்ளது. துறைமுகத்தாலும் அனல்மின் நிலையங்களாலும் இன்று அறியப்படும் எண்ணூர், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மதராஸ் ஆங்கிலேயர் விடுமுறைக்குச் சென்று தங்கிய கடற்கரை வாசஸ்தலமாக இருந்தது. விருந்தினரை இங்கே வரவழைத்ததும், பிற்காலத்தில் தொழிற்சாலைகளை வரவழைத்ததும் கழியின் நீர்வளமே.

கழியின் அமைப்பு

மேற்கிலிருந்து கொசஸ்தலையாறும், தெற்கிலிருந்து பக்கிங்காம் கால்வாயும், வடக்கில் பழவேற்காட்டு ஏரியோடு தொடர்புள்ள காயலும் எண்ணூரில் கூடுகின்றன. அம்பத்தூருக்கு வடக்கே உள்ள புழல் ஏரியின் உபரிநீரும் இங்குதான் வந்து சேர்கிறது. கடலேற்றத்தின்போது உப்புநீர் உள்ளே வரும், வற்றத்தின்போது வெளியேறும். உப்பும் நன்னீரும் கலந்த இந்த நீரில் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்ந்தன. கரையோரம் அலையாத்திச் செடிகள் தழைத்தன. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் ஆகிய மீனவர் குப்பங்கள் இந்த வளத்தை நம்பியே வாழ்ந்து வந்தன. இருளர் மக்கள் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடித்தனர். கரையோரத் தாழ்நிலங்கள் உப்பளங்களாயின.

விடுமுறைக் காலம்

மதராசுக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கோட்டைக்கு முன்னிருந்த கடலில் அலையின் வேகம் அதிகம். கப்பலிலிருந்து கரைசேரவே மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் தேவைப்பட்டன. அங்கே பொழுதுபோக்காகப் படகு விடுவதற்கு வழியில்லை. எண்ணூரில் ஒருபுறம் திறந்த கடலும் மறுபுறம் அலையடங்கிய அகன்ற கழியும் அருகருகே இருந்தன. பாய்மரப் படகுச் சவாரி, மீன்பிடிப்பு, பறவை வேட்டை, மீன் விருந்து ஆகியவற்றுக்காக ஆங்கிலேயர் இங்கே வந்தனர். நகரத்து வெக்கைக்குக் கடற்காற்றே அன்று கைக்கெட்டிய மருந்து. மலைகளுக்குச் செல்லும் பாதைகள் அப்போது உருவாகவில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பசில் காக்ரன் என்பவர் மதராசிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டினார். காக்ரன் கால்வாய் எனப்பட்ட அது விறகையும் உப்பையும் நகரத்துக்குக் கொண்டுவந்தது; எண்ணூர்ப் பயணத்தையும் எளிதாக்கியது. பின்னர் பழவேற்காடு வரை நீண்ட கால்வாயை 1837இல் அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது. 1876-78 பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாகக் கால்வாய் மூலம் கூவம் ஆறும் அடையாறும் இணைக்கப்பட்டன. 1878இல் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் இக்கால்வாய்க்குச் சூட்டப்பட்டது.

சரிவு

1820களில் ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் உதகையில் குடியேற்றத்தைத் தொடங்கிய பின், கோடை ஓய்வு என்றாலே மலை என்ற நிலை உருவானது. 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் மலை ரயில் சென்றது.

கடற்கரையும் மாறியது. இக்கடலோரத்தில் மணல் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகர்கிறது. 1870களின் பிற்பகுதியில் தொடங்கிய மதராஸ் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்து கரை அகன்றது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்து அதற்கு மெரினா எனப் பெயரிட்டார். வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடலரிப்பு நேர்ந்தது. மெரினாவின் பரப்புக்கு வடசென்னைக் கடற்கரை விலை கொடுத்தது.

தொழிற்காலம்

1948இல் அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்டு ஆனது. குளிர்விக்கத் தண்ணீர் வேண்டிய அனல்மின் நிலையங்களுக்குக் கழி வாய்ப்பாக அமைந்தது. 450 மெகாவாட் திறனுள்ள எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் மின்னுற்பத்தியைத் தொடங்கி, 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் எழுந்தது. நிலக்கரியை இறக்குவதற்கென அமைந்த எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டு, 2014இல் காமராஜர் துறைமுகம் எனப் பெயர் மாறியது. எண்ணூரின் ஒரு பகுதியான கத்திவாக்கம் 2011இல் மாநகராட்சியுடன் இணைந்தது.

நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுசென்ற குழாய்கள் கசிந்து, சாம்பல் கழியின் அடியில் படிந்தது. ஆழம் குறைந்தது, இறால் வரத்தும் குறைந்தது. 2017 ஜனவரி 28இல் இரு கப்பல்கள் மோதியதில் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிக்குள்ளேயே புகுந்து, படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது.

மீட்பு முயற்சிகள்

மீனவர்கள் படகுகளோடு கழியில் இறங்கிப் போராடினர். 2017இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடிய, கபேர் வாசுகி எழுதிய ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ எண்ணூரின் நிலையைப் பரவலாக அறியச் செய்தது. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சாம்பல் மாசு குறித்துத் தீர்ப்பளித்தது.

கழியைத் தூர்வாரிச் சாம்பலை அகற்றுவது குப்பத்து மக்களின் பிழைப்புக்கு முதல் தேவை. அதனால் பயன்பெறுவோர் அவர்கள் மட்டுமல்லர். புழல் உபரிநீரும் கொசஸ்தலையாற்று வெள்ளமும் கடலைச் சேரும் வாசல் இந்த முகத்துவாரம். அது அடைபட்டால் வடக்கு, மேற்குப் புறநகர்களில் தேங்கும் நீரும் வடியத் தாமதமாகும். எண்ணூர்க் கழியைக் காப்பது நகரம் முழுவதற்குமான கடமை.